பெரியகடை ஒழுங்கையில் ஆறு மில்லிமீற்றர்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் புகழும்போது, கடைக்காரருக்கு இவள் ஏதோ சொந்தம் என்று நினைப்பீர்கள்.

யாழ்ப்பாணம் பெரியகடை ஒழுங்கையில், ஒரு கால் குட்டையானவர்களுக்குச் செருப்பின் அடியை உயர்த்தித் தரும் கடை அது. அங்கே உட்காருவதற்கு இருந்தது ஒரே ஒரு பலகை வாங்கு. உயரம் ஒன்றரைச் சாண் இருக்கும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் முழங்காலைவிட இடுப்பு தாழும்படி உட்காரக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் தலைதலையாய் அடித்துச் சொல்லி அனுப்புவார்கள். செருப்பு உயர்த்த வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ கோளாறு. அவர்களுக்குப் போய் அந்த வாங்கு. ஒழுங்கைக்குள் ஓட்டோ வராது. வாசலில் வாய்க்காலுக்கு மேல் ஒரு பலகை, கால் வைத்தால் ஆடும். பெயர்ப்பலகை கிடையாது. பசை மணம் மூக்கைத் துளைக்கும். பெரியகடையில் இறங்கி, "செருப்புக்கு அடி உயர்த்துகிறவர்" என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

இனி என் கதை. நான் தையல்காரி. கொக்குவிலில் வீட்டு முன்விறாந்தையில் 38 வருடமாக மெசின் ஓடுகிறது. 2024 மாசியில் எனக்கு வலது இடுப்பு மூட்டு மாற்றினார்கள். குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசி, நாலைந்து வருடம் நொண்டிக்கொண்டு திரிந்த பிறகு செய்த சத்திரசிகிச்சை. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். அவர்கள் வேலை நல்ல வேலை. இரவில் வலியோடு புரண்டு படுத்த காலம் போய்விட்டது. ஒரு விடயத்தை மட்டும் முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

சிகிச்சை முடிந்து மறுநாள் நாலுகால் தாங்கியைப் பிடித்து எழுப்பி நிறுத்தினார்கள். வலக்கால் படியில் நிற்பதுபோலவும் இடக்கால் முற்றத்தில் நிற்பதுபோலவும் இருந்தது. "கால் நீண்டுவிட்டது" என்றேன். "எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், போகப்போகச் சரியாகும்" என்றார் தாதி. வீட்டுக்கு வந்து பாவாடை கட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். கரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தையல்காரியின் கண்ணுக்கு அதைவிடப் பெரிய வருத்தம் இல்லை.

கிளினிக்கில் வைத்திய நிபுணரிடம் கேட்டேன். நல்ல மனிதர், கதிரையை இழுத்துப் போட்டு விளக்கினார். மூட்டு தேயத் தேயக் கால் குட்டையாகும். குட்டைக்காலோடு நடந்து பழகிய உடம்புக்கு, பழைய அளவு திரும்பி வந்தாலே நீளமாகத் தோன்றும். அது முதற் காரணம். தோலைத் திறப்பதற்கு முன் எக்ஸ்றேயின் மேல் வார்ப்புப் படம் வைத்து இடுப்பில் பதிக்க எந்த அளவுக் கிண்ணம், தொடையெலும்புக்குள் இறக்க எந்த அளவுத் தண்டு என்று பார்த்துக்கொள்வார்கள். நாங்கள் கடதாசியில் வெட்டிப் பார்ப்போமே, அதே வேலை. ஆனால் துணியில் வெட்டும்போது கடதாசி சொன்னதெல்லாம் நடக்காது. உள்ளே போனதும் தண்டின் முனையில் மாதிரிக் குண்டுகளை மாட்டிக் காலை மடக்கி, திருப்பி, இழுத்துப் பார்ப்பார்கள். தசை தொய்ந்து நின்றால் குண்டு கிண்ணத்தைவிட்டு நழுவும். நழுவாமல் இருக்கச் சிலவேளை கழுத்து சற்று நீண்ட குண்டைப் போட வேண்டிவரும். "நழுவுகிற மூட்டைவிட ஒரு சென்ரிமீற்றர் நீண்ட கால் பரவாயில்லை அம்மா" என்றார்.

அந்தக் கணக்கு எனக்கு விளங்கியது. தோள் பொருந்துவதற்காகச் சட்டை நீளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்காத தையல்காரர் யார்? இதை முதலே சொல்லியிருந்தால் மூன்று மாதம் இரவில் அழுதிருக்கமாட்டேன். வழக்கு அவ்வளவுதான்.

இயன்மருத்துவரான பெண்பிள்ளை சொன்னதுதான் இன்னும் உதவியாக இருந்தது. கால் நீளத்தில் இரண்டு வகை வித்தியாசம் உண்டாம். எலும்பின் அளவே மாறியிருப்பது ஒன்று. இடுப்புத் தசைகள் இறுகி, இடுப்புக்கூடு ஒரு பக்கம் சரிந்து நிற்பதால் நீளமாகத் தோன்றுவது மற்றது. அந்தப் பிள்ளை சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது. பாவாடையின் அரைக்கட்டு சரிந்தாலும் கரை சரியும், துணி கோணலாக வெட்டுப்பட்டாலும் கரை சரியும். முதலாவதற்குக் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது, நாடாவை இழுத்துக் கட்டவேண்டும். என் காலில் இரண்டும் கலந்திருந்தன.

நாடாவால் அளப்பதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உட்கணுக்கால் எலும்புவரை பிடிப்பார்கள். தொடைச் சதையில் நாடா எப்படி வழுக்கும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு பேர் அளந்தால் இரண்டு கணக்கு வரும். அந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். அதனால் பலகை முறைக்குப் போனாள். ஐந்து மில்லிமீற்றர் தடிப்பான பலகைகளைக் குட்டைக் காலின் கீழ் ஒவ்வொன்றாக வைப்பாள். பின்னால் நின்று இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் வைத்து, மட்டம் வந்துவிட்டதா என்று பார்ப்பாள். ஆறாவது வாரத்தில் ஐந்து பலகை கேட்டது, 25 மில்லிமீற்றர். தொடையின் முன்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் இளக்கும் பயிற்சிகளைத் தந்து, "ஆறாம் மாதம்வரை செருப்பில் கை வைக்காதீர்கள்" என்றாள்.

நான் கேட்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டாம் மாத முடிவில் மகள் கனடாவிலிருந்து மெத்தென்ற ஒரு குதிக்கட்டையை அனுப்பினாள். சப்பாத்துக்குள் வைக்கும் சாமான். யாழ்ப்பாணத்தில் அறுபது வயதுப் பெண் சப்பாத்து எங்கே போடுகிறாள்? செருப்பில் வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் நழுவி விழுந்தது. கிணற்றடியில் ஒருமுறை அதை மிதித்தே வழுக்கப் பார்த்தேன். பிறகு வேறொரு செருப்புத் திருத்துநரிடம் போனேன். எங்கே என்று கேட்காதீர்கள். "எவ்வளவு வேண்டும்?" என்றார். "முக்கால் அங்குலம்" என்றேன். மறுபேச்சில்லாமல் குதிக்கு மட்டும் முக்கால் அங்குல றப்பர் வைத்து ஒட்டித் தந்தார். போட்டால் சறுக்கு மரத்தில் நிற்பதுபோல இருந்தது. பாதம் முன்னே தள்ளும், பெருவிரல் வார் வெட்டும், நாரி பிடித்துக்கொள்ளும். பத்து நாளில் கழற்றி எறிந்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைச் செய்தார். கேட்ட எனக்குத்தான் புத்தி இல்லை.

ஐந்தாம் மாதம் மீண்டும் பலகை ஏறி நின்றபோது இரண்டு பலகையில் இடுப்பு மட்டமாகிவிட்டது. புதிய எக்ஸ்றேயில் நிபுணர் கோடு கீறிக் காட்டினார். இடுப்புக்கூட்டின் அடியில் இரு பக்கமும் கண்ணீர்த்துளி வடிவில் ஓர் அடையாளம் தெரியும். இரண்டையும் இணைத்து ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து தொடையெலும்பின் உட்பக்கத்துச் சிறு முடிச்சுவரை இரு பக்கமும் அளந்து கழித்தால் மிச்சம் வருவதுதான் வித்தியாசம். எனக்கு 11 மில்லிமீற்றர். மற்றதெல்லாம் அரைக்கட்டின் சரிவு, பயிற்சியில் போய்விட்டது. ஒரு சென்ரிமீற்றருக்குள் என்றால் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை என்றார். அதை நானே சொல்வேன். பிறப்பிலேயே ஒரு கால் சற்று நீண்ட ஆண்கள் எத்தனை பேருக்குக் காற்சட்டை தைத்திருக்கிறேன்! அவர்களிடம் ஒரு சொல் சொல்லாமல் ஒரு காலை மட்டும் சற்று ஏற்றி மடித்துத் தைத்துக் கொடுப்பேன். "உங்கள் தையலில்தான் அளவு சரியாக நிற்கிறது" என்பார்கள்.

எனக்கு மட்டும் மாலை நேரத்தில் நாரி வலி நின்றபாடில்லை. இயன்மருத்துவர் ஒரு துண்டு எழுதித் தந்தாள்: இடச்செருப்பு, ஆறு மில்லிமீற்றர், குதிக்கு மட்டுமல்ல, செருப்பின் அடி முழுவதற்கும். அந்தத் துண்டோடு ஆடி மாதம் நான் போன இடம்தான் பெரியகடை ஒழுங்கைக் கடை.

கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். செருப்பைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேள்வி கேட்கத் தொடங்கினார்.

"கடிதம் இருக்கிறதா அக்கா?"

கொடுத்தேன்.

"மூட்டு மாற்றி எத்தனை மாதம்?"

"ஐந்து முடிந்து ஆறாவது நடக்கிறது."

"நாலு மாதம் முடியுமுன் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். எந்தக் கால் நீளம்?"

"வலது."

"இரண்டு செருப்பையும் போட்டுக்கொண்டு அந்த மூலைவரை நடந்து காட்டுங்கள்."

நடந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைக்கூடப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து என் சாறியின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்திலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

"11 வித்தியாசம் என்றால் 11 வையுங்களேன்" என்று பேரம் பேசினேன். முடியாது என்றார். முழுவதையும் ஒரேயடியாக நிரப்பினால் உடம்பு ஏற்காது. பாதிக்குச் சற்று மேலே வைத்து, மூன்று மாதம் நடந்து, போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம். பலர் அதோடு நின்றுவிடுவார்களாம். இயன்மருத்துவர் சொன்னதும் இதுதான். ஆனால் காசு வாங்கி வேலை செய்கிறவர் வாயிலிருந்து "குறைவாகப் போதும்" என்று வந்ததை என் தொழில் வாழ்க்கையில் அதிகம் கேட்டதில்லை.

இவ்வளவும் எங்கே பழகினீர்கள் என்று கேட்டேன். யுத்த காலத்தில், என்றார். ஷெல்லிலும் மிதிவெடியிலும் அடிபட்டவர்களுக்கு, எலும்பு கூடும்போது கால் குட்டையாகிப் போனவர்களுக்கு, பொய்க்கால் போட்டவர்களுக்குத் தகப்பனோடு இருந்து செருப்புத் திருத்தியிருக்கிறார். அப்போது றப்பரே கிடையாது. சைக்கிள் ரயர், லொறி ரியூப், கிடைத்ததை வெட்டி ஒட்டியதாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேலைக்கு வருவோம். நான் கொண்டுபோனவற்றில் பெருவிரலில் மாட்டும் றப்பர்ச் செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டார். குதியைப் பிடிக்கும் பின்வார் இல்லாத எதையும் உயர்த்தமாட்டாராம், உயர்த்தினால் தடுக்கும். பின்வார் வைத்த தட்டையான செருப்பை எடுத்தார். அடித்தோலைச் சூடுகாட்டி உரித்தார். பாரமில்லாத நுரை றப்பரில் பாதத்தின் வடிவை வெட்டி இடையில் வைத்தார். வெறும் றப்பர் வைத்தால் ஒரு செருப்பு பாரமாகி, நாள் முழுக்க அந்தக் காலை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டிவரும் என்றார். முடித்தபின் இரண்டையும் இரண்டு கையில் வைத்து நிறை பார்த்தார். தராசு இல்லை, கைதான்.

நான் இரசித்தது விரல் பக்கத்தைத்தான். குதியிலும் நடுப்பாதத்திலும் ஆறு மில்லிமீற்றர் வைத்தவர், விரல்மடிப்புக்கு முன்னால் உரசித் தேய்க்கும் சில்லில் பிடித்துப் பிடித்து மெலிதாக்கி, நுனியை மேல்நோக்கி வளைத்துவிட்டார். தடித்த அடி வளையாதல்லவா. நுனி உருண்டு கொடுத்தால்தான் கால் தடக்காமல் எடுபடும். ஓரத்தில் சேர்ப்புத் தெரியாமல் கறுப்பு மை பூசினார். பழைய அடித்தோலையே திரும்ப ஒட்டியதால் தரையில் பிடிப்புப் போகவில்லை, இரண்டு செருப்பும் ஒரே சோடியாகத் தெரிந்தன. ஒழுங்காகத் தைத்த உட்தையல்போல ஒரு வேலை.

ஓர் இரவு அங்கேயே விட்டு மறுநாள் எடுக்கவேண்டும், பசை காயவேண்டுமாம். அவசரப்படுத்தி அன்றே தரச் சொல்லாதீர்கள், தரவும் மாட்டார்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம், பிறகு கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். மூன்றாவது வாரத்தில் பின்னேர நாரி வலி குறைந்தது. எல்லோரும் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆமாம், வெட்டித் தைத்தது வலக்கால், உயர்த்தியது இடச்செருப்பு. பக்கத்து வீட்டு மாமி இன்றுவரை செருப்புக்காரர் கால் மாறிச் செய்துவிட்டார் என்றுதான் நம்புகிறார்.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சிகிச்சைக்குத் தனியே ஒரு தொல்லை உண்டு. வீட்டுக்குள் நாங்கள் வெறுங்காலோடு திரிகிற ஆட்கள். தெருவில் ஒரு மணித்தியாலம் உயர்த்திய செருப்போடு நடந்து, மிச்ச நேரமெல்லாம் குசினியில் வெறுங்காலோடு நின்றால் என்ன பலன்? வீட்டுக்கென்று இன்னொரு சோடி செய்வித்தேன். சுவாமி அறைக்கு மட்டும் அதைக் கழற்றுவேன். "வீட்டுக்குள்ளே செருப்பு, அதுவும் இந்த வயதில்" என்று பேச்சு வந்தது. பேசுகிறவர்களின் இடுப்பு எலும்பால் ஆனது, என்னுடையதில் பாதி உலோகம்.

அந்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கும் போனேன். 25 நாளும் முடியாது, தேருக்கும் இன்னும் மூன்று நாளுக்கும். வீதியில் இறங்குமுன் செருப்பைக் கழற்றத்தானே வேண்டும். ஆனால் வீதியெல்லாம் மணல் கொட்டியிருப்பார்கள். நிற்கும் இடத்தில் வலக்காலால் மெல்லக் கிண்டி ஒரு சிறு குழி செய்து, அதற்குள் காலை வைத்து நின்றேன். இடுப்பு மட்டமாகிவிட்டது. உள்ளே கெட்டித் தளத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. நீண்ட நேரம் நிற்காமல் தூணைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து இயன்மருத்துவர் பார்த்து இன்னும் இரண்டு மில்லிமீற்றர் சேர்க்கச் சொன்னாள். ஆக மொத்தம் எட்டு. அதோடு நிறுத்திவிட்டோம். மிச்சம் மூன்றை என் உடம்பு தானே சமாளிக்கிறது.

காசு, 2024இல் நான் கொடுத்தது: வெளிச் செருப்புக்கு 850 ரூபா, வீட்டுச் செருப்புக்கு 700, பிறகு சேர்த்ததற்கு ஒவ்வொன்றுக்கும் 300. செருப்பு உங்களுடையது. மழைக்காலத்தில் அவரிடம் வேலை குவியும், ஒரு கிழமை சுணங்கும். உள்ளுக்குள் வைக்கும் துண்டும் சப்பாத்துப் போடுகிறவர்களுக்கு வெட்டித் தருகிறார். ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் சப்பாத்துக்குள் குதி மேலெழும்பிக் கழன்றுவிடும், அதை வெளி அடியில்தான் செய்யவேண்டும் என்கிறார். கடிதம் இல்லாமல் வருகிறவர்களுக்குக் கிழிந்ததைத் தைத்துக் கொடுப்பார், உயர்த்திக் கொடுக்கமாட்டார். போகும்போது இரண்டு செருப்பையும் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போய் ஓட்டோக் காசை வீணாக்கிய ஒருவரை என் கண்ணால் பார்த்தேன்.

மகள் ஒருநாள் தொலைபேசியில் ஒரு கதை வாசித்துக் காட்டினாள். இந்தச் சிகிச்சையை இன்று செய்கிற வடிவுக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் றைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் இருந்த ஜோன் சார்ன்லி என்ற வைத்தியர். தொடக்கத்தில் அவர் பாவித்த ரெஃப்லோன் கிண்ணங்கள் தேய்ந்து போக, 1962இல் பொலித்தீன் வகை ஒன்றுக்கு மாறினார். வீட்டிலேயே கடைசல் இயந்திரம் வைத்துச் சாமான் கடைந்து பார்ப்பாராம். உடம்பு ஏற்குமா என்று அறிய அந்தப் பொருட்களைத் தன் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தாராம். தான் தைத்ததைத் தானே உடுத்திப் பார்த்த ஆள். கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் தன் காலை நீட்டிக் காட்டினார்: போட்டிருந்த செருப்பில் ஒன்று நாலு மில்லிமீற்றர் உயரம். அவர் காலில் ஒரு குறையும் இல்லை. புதிய நுரை றப்பர் எத்தனை மாதத்தில் அமுங்கும் என்று பார்க்கிறாராம். நாரி வலிக்காதா என்றேன். வலிக்கிறது, கிழமைக்கு இரண்டு நாள்தான் போடுவேன் என்றார்.

வாங்கைப் பற்றி நான் சொன்ன குறை தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கடைசியாகப் போனபோது இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி உயர்த்தி, மேலே ஒரு சாக்கு விரித்து வைத்திருந்தார். ஏறி உட்காரலாம். கைபிடி ஆடுகிறது. வாய்க்கால் பலகையும் அப்படியேதான் கிடக்கிறது.

இன்னொரு குறை, வார்த்தையல். அடி வேலையில் கெட்டிக்காரர், ஊசி வேலையில் அவ்வளவில்லை. எட்டாம் மாதம் பின்வார் பிரிந்தது. அவரிடம் கொண்டுபோகாமல் நானே மெழுகிட்ட நூலில் இரட்டைத் தையல் போட்டேன். அடுத்தமுறை போனபோது செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன நூல் அக்கா, எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார்.

வாய்க்கால் பலகையை மாற்றினால் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.